புளி போட்டுத் தேய்த்த குழல்

கனகராஜ் வரவில்லை.

ரேணுகாதேவி பொத்தானை அமுக்கிக் குழலை உதட்டில் வைத்து மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகும்வரை அமுக்கினாள். முதுகுக்குப் பின்னால் வெறும் சமையலறைதான் இருந்தது. செத்துப்போன புருஷன் கூப்பிட்ட நேரத்துக்கு வரவில்லையே என்று ஒரு பெண் கண்ணைக் கசக்கும் காலம் வந்துவிட்டது. யாரைக் குறை சொல்வது?

வருவார் என்றால் கண்ணுக்குத் தெரியமாட்டார். குரலும் கேட்காது. நீங்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டு ஆள் யாரோ வந்து பின்னால் நிற்கிறார். திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறதல்லவா, அந்தத் தெரிதல் மட்டும்தான். துணைநீர் என்று அதற்குப் பெயர். ஒரு சொட்டு ஆவியாகி மூச்சோடு உள்ளே போனால் போதும், இறந்தவர் வந்து பக்கத்தில் நிற்பார். துக்கத்தில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவர்களுக்கென்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த மருந்து அது. மருந்துக் கம்பெனி விற்ற குழலில் ஒரு சிப் இருந்தது. நாளைக்குக் கால் மணி நேரம் ஆனதும் சிவப்பு விளக்கு எரிந்து தானாக நின்றுவிடும். கட்டின புருஷனோடு இருப்பதற்குக் கால் மணி நேரம்தான் என்றால் யார் பொறுப்பார்கள்? கோயம்புத்தூர் லேத் பட்டறைகள்தான் சும்மா இருக்குமா? பித்தளைக் குழாயைக் கடைந்து, அடியில் ஒரு பொத்தான், நடுவில் பேட்டரி, மேலே சூடாகிற கம்பிச் சுருள் என்று சிப்பே இல்லாத குழல் ஒன்றைச் செய்து சந்தையில் விட்டார்கள். அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். கணக்குக் கேட்க ஆளில்லை. நாட்டுக்கோழி மாதிரி அதற்கு நாட்டுக்குழல் என்று பெயர் நிலைத்துவிட்டது.

ரேணுகா காந்திபுரத்தில் ஒரு பேக்கரி கவுண்டரில் நிற்பவள். பகல் முழுக்கப் பன்னும் பப்ஸும் எடுத்துக்கொடுத்துச் சிரித்துவிட்டு வந்தால் சாயங்காலம் அவளுக்கென்று இருந்தது அந்தக் குழல் ஒன்றுதான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் அமுக்குவாள். குழந்தைகளுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் ஆகாது என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மகள் மிருதுளா ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். இவள் ரசத்துக்குத் தாளித்தபடி, மேனேஜர் செய்த அக்கிரமத்தையெல்லாம் பின்னால் நிற்பவரிடம் சொல்லித் தீர்ப்பாள். பம்ப்செட் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போனவர் கனகராஜ். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போன மனுஷன், இப்போது சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படிப்பட்ட குழலை எப்படி வைத்திருப்பாள்? சாமி அலமாரியில்தான். வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு தேய்க்க உட்காரும்போது காமாட்சி விளக்கு, தூபக்கால், மணி, இவற்றோடு குழலையும் எடுத்து வைத்துக்கொள்வாள். கல்லுப்பும் புளியும் சேர்த்து அழுத்தித் தேய்ப்பாள். பித்தளை தங்கம் போலப் பளிச்சென்று வரும். கழுவித் துடைத்து ஒரு குங்குமப் பொட்டும் வைத்து அலமாரியில் நிறுத்தினால்தான் மனசு நிறையும். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட குழல்தான் இன்றைக்கு அவளைக் கைவிட்டது.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு உக்கடம் போனாள். அங்கே சம்சாத் அக்கா கடை நாட்டுக்குழல் ரிப்பேருக்குப் பேர்போனது. மிக்ஸியும் செல்போனும் பார்த்துக்கொண்டிருந்த கடை, இப்போது குழல்களால் நிரம்பிக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச்சீட்டு கட்டித் தொங்கியது. ரேணுகா கால் வலியோடு அங்கிருந்த மர ஸ்டூலில் உட்காரப் போனாள்.

“அதுல வேண்டாம் அம்மிணி. இந்தாங்க, இந்தச் சேர்ல உக்காருங்க” என்று சம்சாத் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஸ்டூல் நன்றாகத்தான் இருந்தது. ரேணுகா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க, என்ன பண்ணுது?”

“எதுவுமே பண்ண மாட்டேங்குதுங்கக்கா. எத்தனை அமுக்குனாலும் அவர் வர்றதில்லை.”

“அவர் வர்றது இருக்கட்டும். சுருள் சூடாகுதா?”

“இல்லீங்க.”

“இதுக்கு முன்னாடி? சார்ஜ் நின்னுச்சா?”

“ராத்திரி போட்டு வெச்சா காலைல காலிங்க. துணைநீரும் அப்படித்தான். ஒரு மாசத்துக்கு வர்ற பாட்டில் பாதி மாசத்துக்குக்கூட வர்றதில்லை. வெயிலுக்கு வத்துதாட்ட இருக்குன்னு விட்டுட்டேன்.”

“பொத்தானை அமுக்காம சும்மா வெச்சிருக்கறப்ப சுடுமா?”

“சுடாதுங்க. ஆனா வெதுவெதுன்னு இருக்கும். அவர் கையைப் புடிச்ச மாதிரி...” சொல்லிவிட்டு ரேணுகா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்சாத் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழலைத் தலைகீழாகப் பிடித்தாள். அடிமூடி கழல மறுத்தது. திருகு மரையில் மணல் அரைபடுவது போல நறநறவென்று சத்தம் வந்தது. துணியைச் சுற்றிப் பிடித்து ஒரே திருகாகத் திருகினாள். மூடி கையோடு வந்தது. பொத்தானை நெம்பி எடுத்ததும் உள்ளேயிருந்து பச்சைக் களிம்பு கட்டியாக மேசையில் விழுந்தது. அதில் நார் நாராக என்னவோ இருந்தது. சம்சாத் அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

“ஏனுங்க அம்மிணி, இதுல ரசம் கிசம் வெச்சீங்களா?”

“வெளக்கு தேய்க்கறப்ப இதையும் சேத்துத் தேய்ச்சேனுங்க.”

“புளி போட்டா?”

“உப்பும் போட்டாத்தானுங்கக்கா பளிச்சுன்னு வரும்.”

“வெளக்கு பளிச்சுன்னு வரும். வெளக்குக்குள்ள கரண்டா ஓடுது?” சம்சாத் ஒரு ஊசியால் சிவப்பாக எதையோ சுரண்டினாள். “இது குங்குமம். பொட்டு வேற. நல்லா வெச்சீங்க போங்க. நாமம் ஒண்ணுதான் குறைச்சல்.”

ரேணுகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரிப்பேர் சின்னதுதான், அவர் வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

சம்சாத் பொத்தானுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்கை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். அது அமுங்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. பேட்டரியைத் தொடுகிற செம்பு முனை கறுத்து, ஓரத்தில் அரித்துப்போயிருந்தது. அவள் முகத்திலிருந்து கிண்டல் போய்விட்டது.

“இப்ப செத்துப்போச்சு, அது சரி. ஆனா அதுக்கு முன்னாடி இது ரொம்ப நாளா அணையவே இல்லீங்க.”

“அமுக்குனாத்தானுங்களே ஓடும்?”

“சுத்தமா இருந்தா அப்படித்தான். புளி இந்த ஸ்பிரிங்கைத் தின்னுபோட்டுது. பொத்தானைத் தள்ளி மேல வெக்க இதுக்குத் தெம்பில்லை. அரைகுறையா ஒட்டிக்கிட்டே நின்னுருக்கு. மிச்ச சந்துல உப்பும் களிம்பும் ஈரமா ஒக்காந்துட்டு கரண்டைக் கடத்தி உட்டிருக்கு. நெறைய இல்லை, கொஞ்சமாத்தான். புகை கண்ணுக்குத் தெரியாது. ஆனா வந்துக்கிட்டே இருந்திருக்கும். பகலும் ராத்திரியும், வீடு பூராவும்.”

ரேணுகாவுக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அவள் முகம் மலர்ந்துபோனது. “அப்படின்னா அவர் எப்பவும் வீட்டுலயேதான் இருந்திருக்கார். எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க. பூஜை பண்றப்ப, தூங்கறப்பக்கூட ஒரு மாதிரி இருக்குமுங்க. பழகின நெனைப்புன்னு இருந்துட்டேன்.”

சம்சாத் ஊசியைக் கீழே வைத்தாள்.

“வீட்டுல வேற யாரு இருக்காங்க?”

“நானும் எம்பொண்ணும்தானுங்க. ரெண்டாங்கிளாஸ் படிக்கறா.”

“அவளுக்கு அப்பாவைத் தெரியுமா?”

“எங்கீங்க... அவர் போறப்பக் கைக்குழந்தை.”

“இப்ப எப்படி இருக்கா புள்ளை?”

“நல்லா இருக்காளுங்க. பள்ளிக்கூடம்னா அவ்வளவு ஆசை. வீட்டுலகூட ஸ்கூல் பையைக் கழட்டமாட்டா. சோறு திங்கறப்பவும் முதுகுல பை. ஒரே சேட்டை வேற. செவுத்துல முதுகை ஒரசிக்கிட்டேதான் நடப்பா. சுண்ணாம்படிச்ச செவுரு பூரா தலை எண்ணெய்க் கறை. அதுக்கு நேத்துக்கூட ரெண்டு வெச்சேன்.”

சொல்லச் சொல்ல ரேணுகாவின் குரல் தானாக இறங்கியது. சம்சாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில விஷயங்களை வாய்விட்டு அடுத்தவரிடம் சொல்லும்போதுதான் நமக்கே காதில் விழுகிறது.

“அம்மிணி, நான் ஒண்ணு சொன்னா மனசுல வெச்சுக்கக் கூடாது. இந்த மருந்துக்குள்ள ஆளு கிடையாது.”

“என்னங்க சொல்றீங்க? பாட்டில்ல அவர் பேரு ஒட்டித்தானே வருது? அவரு சட்டையைக் கொடுத்தேன், சீப்புல இருந்த முடியைக் கொடுத்தேன். அதுல இருந்துதான் செய்யறோம்னு சொல்லித்தானே வாங்கினாங்க?”

“சட்டையை வாங்குவாங்க. நமக்கு நம்பிக்கை வரணுமே. நம்ம மூளையில ஒரு எடம் இருக்காமா. அதைச் சீண்டி உட்டா, பக்கத்துல யாரோ இருக்காங்கன்னு தோணும். அவ்வளவுதான் இந்த மருந்து. யாரோ. அந்த யாரோவை, நமக்கு யாரு வேணுமோ அவங்களா ஆக்கிக்கறது நாமதான்.”

“பொய்யிங்க. எனக்குத் தெரியும். அது அவரேதான்.”

சம்சாத் வாதாடவில்லை. வேலை முடிந்து வைத்திருந்த ஒரு குழலை எடுத்தாள். அதில் கட்டியிருந்த சீட்டை ரேணுகாவிடம் காட்டினாள். குருவம்மாள், வயது எழுபத்தொன்று என்று இருந்தது. யாரோ ஒரு மகன் இறந்துபோன தன் தாயைக் கூப்பிட வைத்திருக்கும் குழல்; உள்ளே அவள் பேரில் வாங்கிய துணைநீர்தான் இருந்தது. “நான் இன்னும் சோதிச்சுப் பாக்கலை. நீங்களே பாருங்க” என்று வாய் வைக்கிற இடத்தைத் துடைத்துக் கொடுத்தாள்.

ரேணுகா கோபத்தோடுதான் வாங்கினாள். முன்பின் தெரியாத கிழவி யாரோ வந்து நிற்கட்டும், அப்போது கேட்கிறேன் இவளை என்று பொத்தானை அமுக்கினாள்.

கனகராஜ் வந்தார். எப்போதும் போலவே இடது தோளுக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு முழ தூரத்தில் வந்து நின்றார். ஒரு நாள் முழுக்க வராதவர் வந்துவிட்ட சந்தோஷத்தில் ரேணுகாவின் கண் நிறைந்து வழிந்தது. “வந்துட்டார்” என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த சீட்டு கண்ணில் பட்டது. கை சுட்டுவிட்டது போலக் குழலை மேசையில் வைத்தாள். அப்புறம் அவள் அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது. அன்றைக்குப் பிணத்தை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கியபோது அழுதாளே, அந்த அழுகை.

சம்சாத் எழுந்துபோய் டீ வாங்கி வந்தாள். ரேணுகா அதைக் குடித்து முடித்தாள்.

“நமக்கெல்லாம் அந்த எடத்துல நிக்க வெக்க ஒரு ஆளு இருக்கு” என்றாள் சம்சாத் அப்புறம். “சின்னப் புள்ளைக்கு யாரு இருக்கா? அவளுக்கு யாரும் சாகலையே. அப்பா மொகமும் தெரியாது. அப்ப யாரோன்னா யாரோதான்.”

“அக்கா, அந்த ஸ்டூல்...”

“ஆமா. நாள் பூரா இந்தப் புகையிலயே கெடக்கறேன். எம்பின்னாடியும் யாரோ வந்து நிக்கறாரு. என்னைப் பெத்த அத்தாவா இருக்கும்னு நெனைச்சுப் பாத்தேன், ஒட்டலை. மவுத்தாப் போன எங்க வூட்டுக்காரரை நெனைச்சேன். அவரும் இல்லை. ஒரு நாளு, எவ்வளவு நேரம்தான் நிப்பாருன்னு ஸ்டூலைப் போட்டுட்டேன். எனக்குக் கட்டையில போற வயசு, பயத்தையும் வெச்சுக்கிட்டே பொழைச்சுக்குவேன். உங்க புள்ளை என்ன பண்ணும்?”

ரேணுகா ஸ்டூலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். குழல் சரியாகிவிடுமா என்று கேட்டாள். கேட்டதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“சரியாயிடும்” என்றாள் சம்சாத். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொத்தானைச் சுற்றித் துடைத்தாள். பஞ்சு பச்சையாகிப் பச்சையாகிக் கடைசியில் வெள்ளையாகவே வந்தது. மரைக்குள் பல் குத்தும் குச்சியை ஓட்டி நார்களை எடுத்தாள். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாள். கறுத்த செம்பு முனையைப் பள்ளிக்கூட ரப்பரால் அழித்து மினுமினுப்பாக்கினாள். புது ஸ்பிரிங் போட்டு, எல்லாவற்றையும் காயவைத்துப் பூட்டினாள். பொத்தானை அமுக்கி விரலை எடுத்தாள். டக்கென்று எழுந்து நின்றது.

“இனிமே அமுக்குனாத்தான் ஓடும், உட்டா நிக்கும். புளி பக்கம் கொண்டு போயிடாதீங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிப்போடறேன். பொத்தானுக்கு நான் கேரண்டி. வர்றவருக்கு இல்லை. உள்ள ஆளில்லைன்னு தெரிஞ்சுபோனா சில பேருக்குப் பழைய மாதிரி வர்றதில்லை.”

வீட்டுக்கு வந்ததும் ரேணுகா செய்த முதல் வேலை எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டதுதான். மிருதுளா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வந்தவள் வழக்கம் போல வாசல் நிலையிலிருந்து ஓரமாகவே நடந்து, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து, பையோடு உட்கார்ந்தாள். தினமும் பார்த்த காட்சிதான். இன்றைக்குத்தான் ரேணுகா அதை நின்று பார்த்தாள். பாலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மிருதுக்கண்ணு, எதுக்கு எப்பவும் பை போட்டிருக்கற?”

“சும்மா.”

“அம்மா திட்ட மாட்டேன். சொல்லு.”

மிருதுளா பாலில் ஆடையை ஒதுக்கினாள். “பை இருந்தா அவரு ரொம்பக் கிட்ட வர முடியாதும்மா.”

“யாரு?”

“அவருதான்.”

“எப்படி இருப்பாரு?”

“தெரியாது. திரும்புனா அவரும் பின்னாடி போயிடுவாரு. செவுத்துல சாஞ்சா நிக்க எடமில்லாம போயிடுவாரு. படுத்தாலும் அப்படித்தான். குப்புறப் படுத்தா மட்டும் வருவாரு.” அவள் ஏதோ விளையாட்டின் விதிகளைச் சொல்வது போலச் சொன்னாள். எத்தனையோ நாள் தனியாகச் சோதித்துக் கண்டுபிடித்த விதிகள் அவை. “நீ உள்ள சிரிச்சுப் பேசறப்ப இன்னும் பக்கத்துல வந்து நிப்பாரு.”

“எங்கிட்ட ஏஞ்சாமி சொல்லலை?”

“சொன்னேனே. நீதான் அது அப்பா, பயப்படாதேன்னு சொன்ன.”

சொல்லியிருந்தாள். எப்போதோ ஒரு நாள் குழந்தை சொன்னதைக் கேட்டு, அப்பாவின் பாசம் இவளுக்கும் தெரிகிறதே என்று உச்சிமுகர்ந்து, பேக்கரியில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டாள். ரேணுகாவால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. முகம் கழுவுகிற சாக்கில் எழுந்துபோனாள்.

“அது அப்பா இல்லம்மா” என்றது பின்னாலிருந்து குழந்தையின் குரல். “அப்பான்னா எனக்கு ஏன் பயமா இருக்கு?”

அதற்குப் பிறகு ரேணுகா குழலை அமுக்கவில்லை. பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டாள். மிருதுளா கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு நகர்ந்தாள். முதலில் பையைக் கழற்றிவிட்டுத் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலின் நட்டநடுவில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி படம் வரைந்தாள். ரேணுகா சமையலறையிலிருந்து அதைப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தைத் திரும்பி யாரிடம் சொல்வது? அவள் பின்னால் கேஸ் அடுப்பும் தண்ணீர்க் குடமும் இருந்தன.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பேக்கரிக்கு வார விடுமுறை; மிருதுளா பள்ளிக்கூடம் போயிருந்தாள். வீட்டில் துவைக்க இருந்ததெல்லாம் துவைத்தாயிற்று. ஒரே ஒரு தடவை, என்று ரேணுகா தனக்குள் சொல்லிக்கொண்டாள். இனிமேல் தொடமாட்டேன், கடைசியாக ஒரு தடவை நின்று போய்வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவர் செத்த அன்றைக்குத்தான் சொல்ல முடியாமல் போயிற்று. மருந்துக்குள் ஆள் இல்லாவிட்டால் என்ன, குருவம்மாளின் குழலிலேயே வந்தவர்தானே? வீட்டுக்குள் ஒரு இழைகூடத் தங்கிவிடக் கூடாது என்று மொட்டை மாடிக்குப் போனாள். காற்று நன்றாக வீசியது. காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அமுக்கி இழுத்தாள்.

வந்தார்.

வந்தவர் கனகராஜ் இல்லை. அது அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கனகராஜ் இடது தோள் பக்கம்தான் நிற்பார். இது நேர் பின்னால் நின்றது. உயரம் எவ்வளவு என்று தெரியவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. ரேணுகா தன் புருஷனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், அவர் வேட்டியை மடித்துக் கட்டுகிற விதத்தை நினைத்தாள், ஏங்க ஏங்க என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள். எதுவும் அதன்மேல் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அது அப்படியே யாரோவாக நின்றது. பொத்தானை விட்டாள். பொத்தான் சுத்தமாக எழுந்துகொண்டது. மூச்சில் போனது அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை நின்றுகொண்டுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கனகராஜை இரண்டாம் தடவை பறிகொடுத்துவிட்டோம், இனி எந்தக் கடையிலும் சரிசெய்ய முடியாது என்பதும் தெரிந்தது. அவளால் அழக்கூட முடியவில்லை. கழுத்து விறைத்துப்போய் நின்றாள்.

“அம்மா!”

பள்ளிக்கூட ஆட்டோ வந்திருக்க வேண்டும். மிருதுளா படியேறி வந்து, மாடிக் கதவருகே நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தோள் இரண்டும் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். கையிலிருந்த குழலை அவள் பார்த்தாளா என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

“உனக்கும் வந்துட்டாராம்மா?”

ரேணுகா தலையை மட்டும் அசைத்தாள்.

“திரும்பாத. திரும்புனா சுத்திச் சுத்தி வருவாரு. இங்க சாய்றதுக்கும் ஒண்ணும் இல்ல.” ஏழு வயதுக் குழந்தை மொட்டை மாடியை ஒரு தடவை கண்ணால் அளந்தது. அப்புறம் ஈரத் துணிகளை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, ரேணுகாவின் பின்னால் போய், அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சின்னக் கைகள் இரண்டும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டன.

“இப்ப நான் நிக்கறேன். அவருக்கு எடமில்ல.”

உண்மையாகவே இடமில்லாமல் போயிற்று. முதுகில் குழந்தையின் சூடும் மூச்சும்தான் தெரிந்தன. ரேணுகாவின் தோள் மெல்ல இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து மிருதுளா கேட்டாள், குரலைத் தணித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

“எம்பின்னாடி யாரும்மா நிப்பாங்க?”

ரேணுகா திரும்பினாள். மண்டிபோட்டுக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் முதுகு முழுவதையும் மூடிக்கொண்டாள். அவளுடைய சொந்த முதுகு காற்றுக்கும் வெயிலுக்கும் திறந்து கிடந்தது. அங்கே அது மறுபடி வந்து நின்றது. நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.